அப்பாவும் பிள்ளையும் ஏறும் பாய்ப்படகு



போன முறை பண்ருட்டிப் பலாவைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கடலுக்குப் போகிறோம். காடாம்புலியூர்க்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முந்திரிக் காடுதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் பண்ருட்டி போய், பஸ் மாறி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் போய்ச் சேர வேண்டும். எனக்கு நீச்சல்கூடக் கிணற்று நீச்சல்தான்.

இதை எழுத வைத்தவர் என் அக்காவின் கணவர். கடலூரில் வேலை பார்க்கிறார். அவருடைய மகளுக்கு ஏழு வயது. புதுச்சேரிக் கடற்கரையில் தூரத்தில் போன ஒரு வெள்ளைப் பாயைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாளாம். ஒரு நாள் ராத்திரி மாமா போன் செய்தார்.

"மச்சான், பாப்பா பாய்ப்படகு வேணும்ங்குது. நானும் அதுவும் சேர்ந்து போற மாதிரி சின்னதா ஒன்னு. எது நல்லதுன்னு தேடிச் சொல்லு. நீதான் காமர்ஸ் படிக்கிறியே, கணக்கையும் போட்டுடு."

விலைப்பட்டியல் தேடத்தான் உட்கார்ந்தேன். தேடத் தேட வரலாறுதான் அகப்பட்டது. அப்பாவும் பிள்ளையும் எந்தப் படகில் போவது என்ற கேள்விக்கு வேறு வேறு ஊர்களில், வேறு வேறு காலத்தில், வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பழைய பதில் எங்கள் மாவட்டத்துக் கரையிலேயே கிடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் பதில்: கட்டுமரம்

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று ஒரு சொல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது நம் 'கட்டுமரம்' என்பதும் பலருக்குத் தெரியும். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1690-ல் சென்னைப் பக்கம் வந்தவர். 1697-ல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்பாடு வெள்ளைக்காரர்கள் இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிணைத்த படகுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் நெதானியல் ஹெரெஷாஃப் 1876-ல் அப்படி இரட்டை உடல் கொண்ட 'அமரில்லிஸ்' என்ற படகைச் செய்து நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். மற்ற எல்லாப் படகுகளையும் அது பின்னால் தள்ளியது. இது என்ன படகு என்று சொல்லி அந்த வகையையே பந்தயத்திலிருந்து விலக்கி வைத்தார்கள்! ஆனால் இரட்டை உடல் படகின் சொந்தக்காரர்கள் பசிபிக் தீவு மக்கள். நம்முடையது பெயர் மட்டும்தான்.

நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது. லேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும்படி வைத்து, கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப்போட்டுவிடுவார்கள். ஏனென்றால் ஊறிய மரம் கனக்கும். மறுநாள் திரும்பக் கட்டு.

இப்படி ஒரு விசித்திரமான ஏற்பாடு எதற்கு? கடலூரில் வெள்ளிக் கடற்கரைக்குப் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். கரையை ஒட்டி அலை உடைந்துகொண்டே இருக்கும். சாதாரணப் படகை அந்த அலையில் தள்ளினால் தண்ணீர் உள்ளே புகுந்து நிரம்பிவிடும். கட்டுமரத்தில் தண்ணீர் நிரம்ப 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. மேலே ஏறிய அலை மர இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

கடலூரின் சரித்திரமே இந்த அலையோடு சேர்ந்ததுதான். தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடமிருந்து வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமே இங்கேதான் வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியின் கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சென்னையிலும் இதே கதைதான். ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலாப் படகு. கடிதம் கொண்டு போகக் கட்டுமரம். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அலையைத் தாண்டிப் போவார்களாம். அதாவது பீரங்கி வைத்திருந்தவர்களுக்கும் தபால் கொடுத்தது நம் ஊர் மரக்கட்டைதான்.

மசூலாப் படகைப் பற்றி ஒரு வரி. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகு தரையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 'தைத்த படகு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தாத்தாவிடம் கேட்டது

என் வகுப்புத் தோழன் ஒருவன் தேவனாம்பட்டினத்துக்காரன். அவனுடைய தாத்தா பாய் கட்டிய கட்டுமரத்தில் தொழில் செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரிடம் உட்கார்ந்தேன். மாமாவின் ஆசையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

அவர் முதன்முதலில் அப்பாவோடு மரத்தில் ஏறும்போது அவருக்கு எட்டு வயதாம். விடியும் முன் கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசும். அதில் பாய் விரித்துப் போவார்கள். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்பும். அதில் வீட்டுக்கு வருவார்கள். போகவும் வரவும் காற்றே கூலியில்லாமல் வேலை செய்தது.

"எட்டு வயசுல நீங்க என்ன தாத்தா செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"பாய்க்குத் தண்ணி அடிப்பேன் தம்பி. துணி காஞ்சிருந்தா காத்து அதும் வழியா ஓடிப்போவும். நனைச்சா இழை நெருங்கிக்கும், காத்தைப் புடிக்கும். கொட்டாங்குச்சில மொண்டு மொண்டு அடிக்கணும். அதுதான் என் வேல. ரெண்டு வருசம் கழிச்சிதான் கயித்தையே கையில குடுத்தாரு எங்கப்பா."

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. பிள்ளையைச் சும்மா உட்கார வைத்து அழைத்துப் போகவில்லை. சின்ன வேலை, ஆனால் உண்மையான வேலை. அவன் தண்ணீர் அடிக்காவிட்டால் மரம் மெதுவாகத்தான் போகும்.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை:

"புள்ளையோட போறதுக்கு வேகமாப் போற படகு எதுக்கு? கவுந்தா திரும்பி ஏற முடியுமான்னு மட்டும் பாரு. ஏற முடிஞ்சா அது நல்ல மரம்."

காற்றை எதிர்த்து எப்படிப் போவது?

காற்று அடிக்கும் பக்கம் போவது சுலபம். எதிரே போவதுதான் வித்தை. நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போக முடியாது. கொஞ்சம் சாய்வாகப் போய், திரும்பி மறுபக்கம் சாய்வாகப் போய், கோணல் மாணலாகத்தான் முன்னேற வேண்டும். அப்போது காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத் தண்ணீருக்குள் செங்குத்தாக ஒரு பலகை வேண்டும். பலகை பக்கவாட்டு ஓட்டத்தைத் தடுக்க, மிச்சம் இருக்கும் விசை படகை முன்னால் தள்ளும்.

கட்டுமரத்திலும் இப்படிப் பலகையை இறக்குவார்கள். இன்றைய சின்ன பாய்ப்படகுகளில் நடுவில் ஒரு பெட்டி வைத்து அதன் வழியே பலகையை இறக்குகிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக 1918 முதல் 1924 வரை இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் கரைகளில் அலைந்து கட்டுமர வகைகளையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். நாம் சாதாரணமாகப் பார்த்த மரத்தை ஒரு அதிகாரி உட்கார்ந்து அளந்து எழுதினார். அவர் எழுதாமல் போயிருந்தால் எத்தனை விவரம் தாத்தாக்களோடு போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது பதில்: ஆப்டிமிஸ்ட்

இப்போது உலகத்தின் இன்னொரு மூலை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்ற ஊர். 1947. அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகள் மரப்பெட்டியில் சக்கரம் மாட்டிச் சரிவில் உருட்டிப் பந்தயம் விடுவார்கள். கிளிஃபோர்ட் மெக்கே என்பவருக்கு ஒரு யோசனை: நம் ஊரில்தான் தண்ணீர் இருக்கிறதே, இதையே தண்ணீரில் செய்தால் என்ன? ஒரு படகுக்கு ஐம்பது டாலருக்கு மேல் ஆகக் கூடாது என்பது நிபந்தனை. கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் அதை வரைந்தார். ஒட்டுப்பலகை எட்டடி நீளத்தில்தான் கிடைக்கும். அதனால் படகும் எட்டடிக்குள் அடங்க வேண்டும். முனையைக் கூராக்க நீளம் போதவில்லை. வெட்டி மொட்டையாக்கிவிட்டார். பார்க்கக் குளியல் தொட்டி மாதிரி இருக்கும். இதுதான் ஆப்டிமிஸ்ட்.

நீளம் சுமார் 2.3 மீட்டர். உடலின் எடை 35 கிலோ. ஒரே ஒரு சின்னப் பாய். உள்ளே மூன்று காற்றுப் பைகள் கட்டியிருப்பார்கள். கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும். பிள்ளையே நிமிர்த்தி, ஏறி, தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுத் தொடரலாம். 1950-களில் டென்மார்க் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. இன்று 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சர்வதேசப் படகே இதுதான்.

மாமாவுக்கு இதைச் சொல்லலாம் என்று சந்தோஷமாக எழுந்தேன். உடனே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இதில் அப்பாவுக்கு இடமில்லை! மாமா ஏறினால் தொட்டி நிறைந்துவிடும். இந்தப் படகின் தத்துவமே வேறு. பிள்ளை படகில், அப்பா கரையில். பிள்ளை தப்பு செய்தால் அப்பா கத்தலாம், அவ்வளவுதான். கயிற்றைப் பிடுங்க முடியாது. சீக்கிரம் கற்றுக்கொள்ள இது நல்ல வழி. ஆனால் "நானும் அப்பாவும்" என்று கேட்ட ஏழு வயதுக்கு இது பதிலாகாது.

மூன்றாவது பதில்: மிரர்

1962-ல் இங்கிலாந்தில் வந்த பதில் இது. பாரி பக்னெல் என்பவர் அங்கே தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று காட்டிப் புகழ் பெற்றவர். ஜாக் ஹோல்ட் படகு வடிவமைப்பாளர். இருவரும் சேர்ந்து செய்ததுதான் மிரர். டெய்லி மிரர் பத்திரிகை இதை ஆதரித்ததால் அந்தப் பெயர். பாய் சிவப்பு நிறம்.

நடுத்தரக் குடும்பத்து அப்பா, வீட்டுக் கொட்டகையில், லீவு நாட்களில், சாதாரணக் கருவிகளை வைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் குறிக்கோள். படகு கட்டும் தச்சு வேலை எல்லோருக்கும் வராதே. அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒட்டுப்பலகைத் துண்டுகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்துவிடுவது. பிறகு தைத்த இடத்தில் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டி ரெசின் பூசுவது.

தைத்த படகு! நம் மசூலா நினைவுக்கு வருகிறதா? இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மசூலாவில் தையல்தான் கடைசி வரைக்கும் பலம். மிரரில் தையல் பசை காயும் வரைக்கும்தான். ஆனால் கையில் ஊசியும் கயிறும் இருந்தால் படகு செய்யலாம் என்ற எண்ணம் இரண்டு கரையிலும் தோன்றியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மிரரின் நீளம் 3.3 மீட்டர். உடல் எடை சுமார் 45 கிலோ. இரண்டு பேர் தூக்கி வண்டிமேல் வைத்துவிடலாம். உள்ளேயே காற்று அடைத்த அறைகள் உண்டு; கவிழ்ந்தாலும் மூழ்காது. முக்கியமான விஷயம், இதில் இரண்டு பாய். பெரிய பாய் அப்பாவுக்கு. முன்னால் இருக்கும் சின்னப் பாயின் கயிறு பிள்ளைக்கு. தாத்தா கொட்டாங்குச்சியில் தண்ணீர் அடித்தது போல இங்கேயும் பிள்ளைக்கு ஒரு உண்மையான வேலை. இதுவரை 70,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள்.

இதே ஜாக் ஹோல்ட் 1956-ல் வடிவமைத்த 'எண்டர்பிரைஸ்' என்ற படகுதான் நம் நாட்டுக் கிளப்புகளில் நெடுநாள் ஓடியது. நான்கு மீட்டர் நீளம், இரண்டு பேர், இரண்டு பாய். ஆனால் எடை மிரரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரையில் இழுக்க நாலு பேர் வேண்டும்.

நம் கரையில் பாய் எங்கே போனது?

சென்னையில் விளையாட்டுக்காகப் பாய் விரிப்பது 1911-ல் ஒரு அமைப்பாகத் தொடங்கியது. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் யாட் கிளப்பைத் தொடங்கினார். இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அதுதான். அன்றைக்கு அது துரைமார்களின் பொழுதுபோக்கு. துறைமுகச் சுவருக்கு உள்ளே துரைமார் பாய் விரித்தார்கள். சுவருக்கு வெளியே அதே காற்றில் நம் ஆட்கள் பாய் விரித்து மீன் பிடித்தார்கள்.

உள்ளே இருந்த பாய் இன்றைக்கும் இருக்கிறது. வெளியே இருந்தது போய்விட்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. முதலில் விசைப்படகு வந்தது. மீன் தூரம் போனது. பிறகு கட்டுமரத்திலும் சின்ன மோட்டார் மாட்டினார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையை மையமாக வைத்து ஆரம்பித்து, அலை உடையும் நம் கரைக்கென்றே ஃபைபர் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. வயிற்றுப் பிழைப்புக்காகப் போகிறவர் காற்றுக்காகக் காத்திருக்க முடியுமா?

மீதியை 2004 டிசம்பர் 26 முடித்துவைத்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் சுனாமியில் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், பரங்கிப்பேட்டைப் பக்கம், கிள்ளைப் பக்கம் என்று கரை நெடுகச் சாவு. மரங்களும் வலைகளும் போயின. நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. பாய் கட்டத் தெரிந்த தலைமுறை கரையில் உட்கார்ந்துவிட்டது.

என் தோழனுக்கு அப்போது ஒரு வயது. அவனுடைய அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர். அதற்குப் பிறகு அவனைக் கடலில் கால் நனைக்கவும் விடவில்லை. கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. கிணற்றில் குதித்து வளர்ந்த எனக்குத் தெரியும். தாத்தா பேசிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான். கொட்டாங்குச்சிக் கதையை அவனும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டானாம். "எங்கிட்ட சொன்னதே இல்லடா" என்றான். தாத்தாவும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கடலைப் பற்றிப் பேசுவதில்லை.

கடல் இல்லாத ஊரின் பதக்கம்

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குப் பாய்ப்படகில் வெள்ளி வாங்கிக் கொடுத்த பெண் நேஹா தாக்கூர். அவருக்கு அப்போது 17 வயது. ஊர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டம். விவசாயக் குடும்பம். கடலே இல்லாத மாநிலம்! போபால் ஏரியில் நடக்கும் தேசியப் பாய்ப்படகுப் பள்ளியில் கற்றவர். ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் படகில் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நம் மாநிலத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் கோடைப் பயிற்சி முகாமில் பாய் பிடிக்கக் கற்று, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனை ஆனார். டோக்கியோவுக்கும் போனார், 2024-ல் பாரீசுக்கும் போனார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனுக்கு முதல் ஆசிரியர் இராணுவத்தில் இருந்த அவருடைய அப்பாதான். அதே ஹாங்சோவில் வெண்கலம் வாங்கினார். அப்பாவும் பிள்ளையும் என்ற நம் தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவர்கள் ஓட்டுவது இல்கா என்ற வகைப் படகு. முன்பு லேசர் என்று பெயர். இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. உடல் ஒன்றுதான், பாய் மட்டும் மூன்று அளவு. சின்னப் பெண்ணுக்குச் சின்னப் பாய், வளர்ந்ததும் பெரிய பாய். எங்கள் அம்மா பள்ளிச் சீருடையை மடித்துத் தைத்து வருடா வருடம் பிரித்துவிடுவது மாதிரி. :)

சரி, மாமாவுக்கு என்ன பதில்?

நான் காமர்ஸ்காரன். ஒரு சொத்து வாங்குமுன் அது என்னென்ன செலவைக் கூடவே இழுத்து வரும் என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படகின் விலை முதல் வரி மட்டுமே. அதை வைக்க இடம், கொண்டு போக வண்டி, வெயிலில் நைந்துபோகும் பாய், இருவருக்கும் உயிர்க்காப்பு அங்கி, பயிற்சிக் கட்டணம் எல்லாம் அடுத்த வரிகள். தேய்மானமும் உண்டு. வருடத்துக்கு நாலு தடவை மட்டும் ஓட்டினாலும் படகு நாற்பது தடவை ஓட்டியது போலத்தான் பழசாகும். 'மூழ்கிய செலவு' என்று பாடப் புத்தகத்தில் ஒரு சொல் வரும். படகு விஷயத்தில் அதற்குத் தனி அர்த்தமே இருக்கிறது.

கணக்கைத் தள்ளிவைத்து, தாத்தா சொன்ன ஒரே கேள்வியை வைத்து நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

1. கவிழ்ந்தால் மூழ்காமல் மிதக்க வேண்டும். மாமா தனியாக நிமிர்த்தி, பாப்பாவை ஏற்றி, தானும் ஏற முடிய வேண்டும். வாங்கும் முன் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

2. மூன்றிலிருந்து நான்கு மீட்டர் நீளம். அதைவிடச் சின்னதில் இருவருக்கு இடமில்லை. அதைவிடப் பெரியதை மாமாவும் பாப்பாவும் கரையில் நகர்த்த முடியாது.

3. பாயின் அடியில் இருக்கும் கட்டை, திரும்பும்போது தலைக்கு மேலே தாராளமாகத் தாண்ட வேண்டும். சின்னப் படகில் அடிபடுவது பெரும்பாலும் அதில்தான்.

4. காற்று கூடினால் பாயைச் சுருக்கும் வசதி வேண்டும்.

5. பிள்ளைக்கு ஒரு கயிறு இருக்க வேண்டும். வேலை இல்லாத பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் குளிரும், பசிக்கும், பயமும் வரும்.

6. தொடங்குவது அலை உடையும் கடலூர்க் கரையில் கூடவே கூடாது. ஏரியிலோ துறைமுகச் சுவருக்கு உள்ளேயோ, சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

இந்த ஆறுக்கும் மிரர் போன்ற படகு பொருந்தி வருகிறது. ஆப்டிமிஸ்ட் நல்ல படகு, ஆனால் நாலைந்து வருடம் கழித்துத்தான், பாப்பா "அப்பா நீ கரையில் நில்லு" என்று சொல்லும்போது. அந்த நாள் எப்படியும் வரும். ஒவ்வொரு படகும் அப்பா எப்போது கையை விடுவது என்பதற்கு ஒரு பதில். கட்டுமரம் ரெண்டு வருசம் என்றது. ஆப்டிமிஸ்ட் முதல் நாளே என்கிறது. மிரர் கொஞ்சம் கொஞ்சமாக என்கிறது.

பட்டியலைப் படித்துவிட்டு மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், எனக்கே நீச்சல் சுமாராத்தான் வரும்" என்றார்.

ஆக, இப்போதைக்குப் படகு இல்லை. முதலில் நீச்சல். பிறகு மூன்று பேரும் ஒரு கோடை முகாமில் பாய் பிடிக்கக் கற்பது. அப்புறம்தான் வாங்குவது. பாப்பா முதலில் அழுதாள். தாத்தாவின் கொட்டாங்குச்சிக் கதையைச் சொன்னதும் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக் குளியலறையில் வைத்துக்கொண்டாளாம். அக்கா திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று பேர் என்றேனே, மூன்றாவது ஆள் நானில்லை. என் தோழன். போன வாரம் பஸ்ஸில் போகும்போது சும்மா கேட்பது போலக் கேட்டான்: "உங்க மாமா நீச்சல் கத்துக்க எங்கடா போறாரு?" அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். தாத்தாவிடம் சொல்லிவிட்டானாம்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.